40 அடி ரோட்டில் எந்தப் பார்க்கிங் முறை சரிப்படும்?

சென்னையில் எங்கள் கடைத்தெரு 40 அடி ரோடு. உத்தேசமாகச் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் நாலு பேர் டேப் பிடித்து அளந்தோம். இரண்டு பக்கமும் ஆறாறு அடி நடைபாதை போனால் மிச்சம் 28 அடி. ஓரமாக நிற்கும் கார், கதவு திறக்கும் இடத்தையும் சேர்த்து 7 அடியை விழுங்கிவிடும். இரண்டு பக்கமும் கார் நின்றால் நடுவில் 14 அடிதான். மாநகரப் பேருந்தின் அகலமே ஏறக்குறைய எட்டரை அடி. எதிரே ஒரு குட்டி யானை வந்துவிட்டால் இரண்டில் ஒன்று பின்னால் போக வேண்டும். பின்னால் போக இடம் இருந்தால்தானே? ஒரு பக்கம் மட்டும் கார் நின்றால் 21 அடி கிடைக்கும். இரண்டு பஸ் உரசாமல் போய்விடும்.

ஆக, இந்தத் தெரு ஒரு பக்கப் பார்க்கிங்கைத்தான் தாங்கும். அந்த ஒரு பக்கத்தில் யார் நிற்பது, எவ்வளவு நேரம் நிற்பது என்பதுதான் சண்டை. பகுதி சபைக் கூட்டத்துக்கு முன்னால் எங்களுக்கு எந்த முறை வேண்டும் என்று எழுதித் தர வேண்டும். ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். ஒவ்வொன்றையும் நான் எடை போட்டுப் பார்த்ததை இங்கே வைக்கிறேன். எனக்கு எது சரி என்று படுகிறது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

முதலில் நோய் என்னவென்று பார்க்க வேண்டும். டீக்கடை பெஞ்சில் காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்தால் தெரிந்துவிடும். ஷட்டர் திறக்கும் சத்தம் கேட்பதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வெள்ளைக் கார் வந்து கடை வாசலை ஒட்டி நிற்கும். முதலாளி இறங்குவார். பையன் ஓடி வந்து வெயிலுக்குக் கவர் போட்டு, நாலு மூலையிலும் கயிற்றை இழுத்துக் கட்டுவான். அந்தக் கவர் இனி இரவு ஒன்பதரைக்குத்தான் கழலும். 12 மணி நேரம், ஒரு இடம், ஒரு கார். அரை மணிக்கு ஒருவர் வந்து போயிருந்தால் அதே இடத்தில் 24 வாடிக்கையாளர்கள் நின்றிருப்பார்கள். தன் கடை வாசலைத் தானே அடைத்து வைத்துவிட்டு, "வியாபாரம் டல்லு சார், வண்டி நிறுத்த இடமில்ல, ஜனங்க வர்றதில்ல" என்று அவரேதான் புலம்புகிறார். எங்கள் தெருவில் பகலில் கவர் போட்டு நிற்கும் கார்களில் பெரும்பாலானவை கடைக்காரர்களுடையவை. இடப் பற்றாக்குறை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இதுதான். எந்த முறையைப் பரிசீலித்தாலும் அந்தக் கவர் போட்ட காரை அது என்ன செய்யும் என்று கேட்டுக்கொள்வது என் வழக்கமாகிவிட்டது.

இன்னொன்று, அதிகாரம் யாருடையது என்பது. மோட்டார் வாகனச் சட்டம் 117ஆம் பிரிவுப்படி வண்டி நிறுத்தும் இடத்தை முடிவு செய்வது மாநில அரசோ அது அதிகாரம் கொடுத்த அமைப்போ, உள்ளாட்சியைக் கலந்துகொண்டு. நடைமுறையில் பலகை வைப்பது போக்குவரத்துக் காவல், கட்டணம் வாங்குவது மாநகராட்சி. வீட்டுக்காரரும் கடைக்காரரும் தாமாக மாட்டும் 'நோ பார்க்கிங்' தகரம், வாசலில் போடும் பூந்தொட்டி, மணல் மூட்டை, பழைய டயர் எதற்கும் சட்டத்தில் மதிப்புக் கிடையாது. சென்னையில் இந்த விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. அதேபோல நடைபாதை மேலும், சாலை முனையிலும், பஸ் நிறுத்தத்திலும் வண்டி விடக் கூடாது என்பதற்குத் தனிப் பலகையே தேவையில்லை, விதிகளிலேயே இருக்கிறது.

சரி, முதல் யோசனை: முழுத் தடை. "ரெண்டு பக்கமும் நோ பார்க்கிங் போடுங்க, நின்னா தூக்குங்க." கூட்டத்தில் இதற்குத்தான் கைத்தட்டல் அதிகம் விழும். கைத்தட்டுபவர்களில் பாதிப் பேர் வண்டி இல்லாதவர்கள், மீதிப் பேர் தங்கள் வண்டியைத் தூக்க மாட்டார்கள் என்று நம்புகிறவர்கள். தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் அபராதங்களை உயர்த்திய பிறகு, தடை இடத்தில் நிறுத்தினால் முதல் முறை 500 ரூபாய், மறுபடியும் மாட்டினால் 1,500. சின்னத் தொகை இல்லை. ஆனால் அபராதத்தின் கனத்தைவிட, மாட்டுவோமா மாட்டோமா என்பதுதான் ஆளை மாற்றும். வாரத்தில் ஒரு நாள் டோயிங் வண்டி வரும், மற்ற ஆறு நாள் வராது என்றால் 500 ரூபாய் லாட்டரிச் சீட்டு மாதிரி ஆகிவிடுகிறது.

எனக்கே ஒரு தடவை விழுந்தது. இன்னொரு பகுதியில் மருந்து வாங்கப் போய், பத்து நிமிடத்தில் திரும்பி வந்து பார்த்தால் ஆக்டிவா நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. "தூக்கிட்டாங்க சார்" என்றார் பூக்காரம்மா, பூக்கட்டும் கையை நிறுத்தாமல். பலகை எங்கே என்று தேடினேன். காதுகுத்து விழா பிளெக்ஸுக்குப் பின்னால் இருந்தது. குழந்தையின் சிரிப்புக்கு மேலே அந்தச் சிவப்பு வட்டத்தின் விளிம்பு ஒரு விரல் அகலத்துக்குத் தெரிந்தது. அபராதத்தைக் கட்டினேன். அன்றிலிருந்து என் கருத்து: தடை போடுவதைவிடத் தடை தெரியும்படி வைத்திருப்பது கஷ்டமான வேலை. அதற்கு ஆளும் பணமும் ஒதுக்காமல் போடும் தடை, பிளெக்ஸ் கட்டுபவர்களுக்குக் கம்பம் நட்டுக் கொடுப்பதில் முடியும்.

முழுத் தடை பலிக்கும் இடமும் உண்டு, மறுக்கவில்லை. மயிலாப்பூரில் அறுபத்து மூவர் அன்று மாட வீதிகளில் வண்டி நுழையாது. யாரும் சண்டை போடுவதில்லை. பங்குனியில் அந்த நாள் வரும் என்று எல்லோருக்கும் தெரியும், அன்றைக்கு மட்டும்தான் என்பதும் தெரியும். நாள் தெரிந்த தடைக்கு ஊர் கட்டுப்படுகிறது. ஒரு திங்கட்கிழமை திடீரென்று முளைக்கும் பலகைக்குக் கட்டுப்படுவதில்லை.

இரண்டாவது, ஒற்றைப்படைத் தேதியில் ஒரு பக்கம், இரட்டைப்படைத் தேதியில் மறு பக்கம். இதற்குக் கடைக்காரர்களிடம் ஆதரவு அதிகம். கஷ்டத்தைச் சமமாகப் பிரித்துக்கொள்ளலாம், பணம் கொடுக்க வேண்டியதில்லை. மாநகராட்சிக்கும் நல்லது. ஒரு பக்கம் காலியாக இருக்கும் நாளில் குப்பையைக் கூட்டலாம், மழைநீர் வடிகாலில் தூர் வாரலாம். நியூயார்க்கில் 1950இல் பக்கம் மாற்றும் முறை வந்ததே தெருக் கூட்டுவதற்காகத்தான். அங்கே எந்தெந்தப் பண்டிகை நாளில் இந்த விதிக்கு விடுமுறை என்று பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள்; அதில் தீபாவளியும் இருக்கிறது. நம் ஊரில் தீபாவளிக்கு விதியை எழுதி வைத்துத் தளர்த்துவதில்லை. அது தானாகவே தளர்ந்துவிடும்.

இந்த முறையில் ஒரு ஓட்டை இருக்கிறது. 31ஆம் தேதியும் ஒற்றைப்படை, மறுநாள் 1ஆம் தேதியும் ஒற்றைப்படை. ஜனவரி முடிந்தால் இப்படி வரும், மார்ச் முடிந்தால் வரும், வருடத்துக்கு ஏழு தடவை வரும். ராத்திரி நிறுத்திய வண்டியை நள்ளிரவு 12 மணிக்கு எழுந்து மாற்ற வேண்டுமா என்ற கேள்வியும் இருக்கிறது. பிரான்ஸில் இதைச் சாமர்த்தியமாகத் தீர்த்தார்கள். மாதத்தின் முதல் 15 நாள் ஒற்றைப்படைக் கதவு எண் உள்ள பக்கம், மீதி நாள் மறு பக்கம். மாற வேண்டியது கடைசி நாள் இரவு எட்டரையிலிருந்து ஒன்பது மணிக்குள். எங்கள் தெருவுக்கும் தேதிக் கணக்கைவிட இந்த அரை மாதக் கணக்குப் பொருந்தும். ஆனால் நம் கவர் போட்ட கார்? முதல் 15 நாள் கடை எதிரில் நிற்கும், அடுத்த 15 நாள் கடை வாசலில் நிற்கும். இடம் மாறுமே தவிர, கவர் கழலாது.

நேர வரம்பு என்று மூன்றாவதாக ஒரு யோசனை. அரை மணி நேரம் இலவசம், அதற்கு மேல் கூடாது. பாரிஸில் 1957இலேயே நீல மண்டலம் என்று இதைக் கொண்டுவந்தார்கள். ஓட்டுநர் வந்த நேரத்தை ஒரு அட்டைக் கடிகாரத்தில் திருப்பிக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்துவிட்டுப் போவார். ஜெர்மனியில் அந்த அட்டை 11 சென்டிமீட்டருக்கு 15 சென்டிமீட்டர் அளவில், நீல நிறத்தில்தான் இருக்க வேண்டும் என்றுகூட விதி இருக்கிறது. அழகான ஏற்பாடு. செலவும் இல்லை. எங்கள் தெருவில் இதைச் சொன்னபோது மளிகைக்கடை அண்ணாச்சி சிரித்தார். "தம்பி, நம்ம பய மத்தியானம் வந்து முள்ளைத் திருப்பி வச்சிட்டுப் போயிருவான். டூவீலர்ல எங்க வைப்பீக அந்த அட்டைய?" இரண்டாவது கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. எங்கள் தெருவில் நிற்பவற்றில் கார்களைவிட டூவீலர்கள்தான் எக்கச்சக்கம். யோசனையை அங்கேயே விட்டுவிட்டேன்.

அடுக்குமாடிப் பார்க்கிங். கவுன்சிலர், எம்.எல்.ஏ. எல்லோருக்கும் பிடித்த யோசனை இது. கல்வெட்டு வைக்கலாம், ரிப்பன் வெட்டலாம். தி.நகரில் தணிகாசலம் சாலையில் கட்டினார்கள். சுமார் 40 கோடி ரூபாய் செலவு. இருநூற்றுச் சொச்சம் கார்களும் ஐந்நூற்றுச் சொச்சம் டூவீலர்களும் நிற்கலாம். தி.நகர் அளவுக்குக் கூட்டம் வரும் இடத்துக்கு அது தேவைதான். எங்கள் தெருவில் அதற்கு மனை எங்கே இருக்கிறது? இருந்தாலும், கீழே ரோட்டோரம் சும்மா நிற்க முடியும் என்றால் யார் மாடி ஏறுவார்கள்? கட்டடம் பிழைக்க வேண்டுமானால் தெருவில் நிறுத்துவது கட்டடத்தைவிடச் செலவாக வேண்டும். அதாவது தெருவுக்கு ஒரு விலை வைத்த பிறகுதான் மாடிக்கு வேலை.

குடியிருப்போருக்கு அனுமதி அட்டை என்று ஒரு தரப்பு கேட்கிறது. பக்கத்துச் சந்துகளில் இது நியாயமான கோரிக்கை. கடைத்தெருவில் வண்டிகளைத் துரத்தினால் அவை சந்துக்குள்தான் போகும். பாண்டி பஜார் பக்கம் குடியிருப்பவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். ஆனால் வீட்டுக்கு மூன்று கார் வைத்திருப்பவருக்குத் தெருவை எழுதிக் கொடுப்பதாக அது ஆகிவிடக் கூடாது. ஜப்பான் 1962இல் போட்ட சட்டப்படி, வீட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் நிறுத்த இடம் இருக்கிறது என்று போலீஸ் சான்று வாங்கித்தான் காரைப் பதிவு செய்ய முடியும்; ராத்திரியில் தெருவில் 8 மணி நேரம் தொடர்ந்து விட்டு வைத்தால் குற்றம். நம் நாட்டிலேயே ஐஸ்வாலில் நிறுத்த இடம் காட்டாமல் வண்டி பதிவாகாது. சென்னையிலும் இந்தப் பேச்சு அவ்வப்போது எழுகிறது, அடங்குகிறது. ஒரு தெரு தனியாக முடிவு செய்கிற விஷயம் இல்லை என்பதால் இதை இங்கே நீட்டவில்லை.

வண்டியே வேண்டாம், நடப்பவர்களுக்கு விட்டுவிடலாம் என்பவர்களும் உண்டு. தியாகராய சாலையை, அதாவது பாண்டி பஜாரை, 2019 நவம்பரில் அப்படித்தான் மாற்றித் திறந்தார்கள். வண்டிகளை முழுக்க நிறுத்தவில்லை. ரோட்டைக் குறுக்கி நடைபாதையை அகலமாக்கினார்கள். நடக்க வசதி செய்தால் வியாபாரம் படுத்துவிடும் என்ற பயத்துக்கு ரங்கநாதன் தெரு ஒன்றே போதும் பதில். அதற்குள் கார் கொண்டுபோய் யாரும் புடவை எடுப்பதில்லை. மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து தி.நகர் பஸ் நிலையம் வரை 570 மீட்டர் ஆகாய நடைபாதை 2023இல் திறந்தது. இரண்டு கையிலும் கட்டைப்பையோடு அதில் நடக்கிறார்கள். எங்கள் தெருவில் 200 மீட்டர் நடக்க மாட்டார்கள் என்று சொல்பவர்களை நம்ப எனக்கு மனம் வரவில்லை. இருந்தாலும் இங்கே பஸ் போகிறது, ஒரு ஸ்கேன் சென்டர் இருக்கிறது, வயதானவர்கள் வாசலில் வந்து இறங்க வேண்டியிருக்கிறது. முழுக்க நடைத்தெரு ஆக்கும் தைரியம் எனக்கும் இல்லை.

மிச்சம் இருப்பது கட்டணம். நிதானமாகப் பார்க்க வேண்டியது இதைத்தான்.

1935 ஜூலையில் ஓக்லஹோமா சிட்டியில் உலகின் முதல் பார்க்கிங் மீட்டரை, அதாவது காசு போட்டால் நேரம் ஓடும் கம்பத்தை, நட்டார்கள், மணிக்கு 5 சென்ட். அதன் பின்னணி எங்கள் தெருக்கதைதான்: கடைகளில் வேலை பார்ப்பவர்கள் காலையிலேயே வந்து இடத்தைப் பிடித்துக்கொள்ள, வாங்க வருபவர்களுக்கு இடமில்லை. 12 மணி நேரம் கவர் போடும் காரைக் கிளப்ப மனிதகுலம் இதுவரை கண்டுபிடித்ததில் உருப்படியானது மணிக் கணக்குக் கட்டணம்தான் என்று நினைக்கிறேன். அரை மணிக்கு வருபவருக்கு அது பத்து ரூபாய், நாள் முழுக்க நிற்பவருக்கு மாதக் கடைசியில் உறைக்கும் தொகை.

சென்னை மாநகராட்சி 2019இல் செயலியோடு கொண்டுவந்த முறையில் காருக்கு மணிக்கு 20 ரூபாய், டூவீலருக்கு 5 ரூபாய் என்று இருந்தது. பாண்டி பஜாரில் மட்டும் 60, 15 என்று வைத்தார்கள். இந்த 20க்கு 5 என்ற விகிதத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஒரு கார் நிற்க நீளவாக்கில் 5 மீட்டர் வேண்டும். அதே 5 மீட்டரில் ஹேண்டிலோடு ஹேண்டில் ஒட்டி ஆறு டூவீலர்களைக் குறுக்காக நிறுத்தலாம். ஆறுக்கு ஐந்து ரூபாய் வீதம் 30 ரூபாய். கார் கொடுத்தது 20. அதாவது அதே இடத்துக்கு ஸ்கூட்டரில் வருபவர்கள் சேர்ந்து கார்க்காரரைப்போல ஒன்றரை மடங்கு கொடுத்தார்கள். ஆறு பேர் வந்தால் ஆறு வியாபாரம் என்பது தனி. கார் விலை 20 என்றால் டூவீலருக்கு 3 ரூபாய்தான் நியாயம், டூவீலருக்கு 5 என்றால் காருக்கு 30. எங்கள் மனுவில் இரண்டாவதைக் கேட்கப் போகிறேன்.

விலை எவ்வளவு வைப்பது என்பதற்கு டொனால்ட் ஷூப் என்ற அமெரிக்கப் பேராசிரியர் எளிமையான வழி சொன்னார்: எப்போது போனாலும் ஓரிரு இடம் காலியாக இருக்கும்படி வை. இடம் நிரம்பி வழிந்தால் வைத்த விலை குறைவு என்று அர்த்தம், காற்று வாங்கினால் அதிகம் என்று அர்த்தம். சான் பிரான்சிஸ்கோ 2011இல் தெருவுக்குத் தெரு, நேரத்துக்கு நேரம் இப்படி விலையை ஏற்றி இறக்கிப் பார்த்தது. இடங்களில் 60 முதல் 80 சதவீதம் நிரம்பியிருக்க வேண்டும் என்பது இலக்கு. சோதனை முடிந்தபோது மீட்டர்களின் சராசரிக் கட்டணம் சற்றுக் குறைந்திருந்தது. கூட்டமில்லாத நேரத்தில் இறக்கியதால்தான். எங்கள் தெருவில் மத்தியானம் ஒன்று முதல் நாலு வரை ஈ ஓட்டும் நேரம், அப்போது பாதிக் கட்டணம் போதும். மாலை ஆறு முதல் ஒன்பது வரை முழுக் கட்டணம்.

கட்டண முறை கெட்டுப்போவது வசூல் செய்யும் இடத்தில்தான். டெண்டர் எடுத்தவருக்கு வண்டி எவ்வளவு நின்றால் அவ்வளவு லாபம். ஆகவே அவருடைய ஆள் ஒரு வரிசைக்கு இரண்டு வரிசை போடுவார், நடைபாதை மேல் ஏற்றுவார், மணிக் கணக்கை மறந்து "அம்பது குடுங்க, சாயங்காலம் வரைக்கும் பாத்துக்கறேன்" என்பார். கவர் போட்ட கார் சந்தோஷமாகத் திரும்பி வந்துவிடும். இதைவிடப் பெரிய எச்சரிக்கை சிகாகோ. 2008இல் அந்த நகரம் தன் 36,000 பார்க்கிங் மீட்டர்களை 75 வருடத்துக்கு 115 கோடி டாலருக்குத் தனியாருக்குக் குத்தகை விட்டது. நகரத்தின் சொந்தத் தணிக்கை அதிகாரியே, மிகக் குறைந்த விலைக்குக் கொடுத்துவிட்டீர்கள் என்றார். பணத்தைவிட எனக்கு உறுத்துவது வேறு: இனி ஒரு தெருவில் மீட்டரை எடுத்துவிட்டு நடைபாதை போட வேண்டுமென்றால் நகரம் அந்தக் கம்பெனிக்கு நஷ்டஈடு கொடுக்க வேண்டும். தன் தெருவில் தானே கை வைக்க முடியாது. அதனால் எங்கள் தெருவில் குத்தகை வேண்டாம். மாநகராட்சியே வசூலிக்கட்டும், ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்கட்டும், பணம் க்யூஆர் கோடு வழியாக நேராகப் போகட்டும்.

போன பணம் திரும்பி வருமா? கலிபோர்னியாவில் பழைய பாசடீனா கடைத்தெருவில் மீட்டர் என்றதும் கடைக்காரர்கள் கொடி பிடித்தார்கள். வசூலாகும் பணம் அதே தெருவின் நடைபாதைக்கும் விளக்குக்கும் மரத்துக்கும்தான் என்று நகரம் ஒப்புக்கொண்டது. 1993இல் மீட்டர் வந்தது, ராத்திரியிலும் ஞாயிற்றுக்கிழமையிலும்கூட ஓடியது. அண்ணாச்சியிடம் இதைச் சொன்னபோதுதான் முதல் தடவையாக அவர் சிரிக்காமல் கேட்டார். "இந்த வாசல் சாக்கடைய மூடித் தருவாகளா?" அவர் கடை எதிரே ஸ்லாப் உடைந்து இரண்டு மழைக்காலம் ஆகிறது. வசூலில் ஒரு பங்கு இந்தத் தெருவுக்கே என்று எழுதி வாங்காமல் கட்டண முறைக்குக் கையெழுத்துப் போடுவதில்லை என்று அங்கேயே பேசி முடித்தோம்.

அதனால் மனுவில் நான் எழுதியிருப்பது இது. ஒரு பக்கம் மட்டும் பார்க்கிங், அரை மாதத்துக்கு ஒரு முறை பக்கம் மாறும். முதல் 15 நிமிடம் எல்லோருக்கும் இலவசம், டெலிவரி பையன்களுக்கு அது போதும். அப்புறம் காருக்கு மணிக்கு 30, டூவீலருக்கு 5, இரண்டு மணி தாண்டினால் இரட்டிப்பு. லோடு இறக்கக் காலை பத்துக்குள். ஸ்கேன் சென்டர் வாசலில் இரண்டு கார் இடம், இறக்கிவிட மட்டும். முதலில் பெயின்டால் கோடு போட்டு மூன்று மாதம் சோதனை. அது முடியும்வரை கல் பதிக்கக் கூடாது. பலகை மேல் பிளெக்ஸ் கட்டினால் கட்டியவருக்கு அபராதம்.

நேற்று கையெழுத்து வாங்கப் போனேன். கவர் போட்ட காரின் சொந்தக்காரர் முழுசாகப் படித்தார். படித்துவிட்டு, "கடை ஓனருக்கு மாசப் பாஸ் உண்டா?" என்றார். கோயில் குளத்துக்குப் பின்னால் நாள் முழுக்க நிறுத்த இடம் கேட்டிருக்கிறோம், ஐந்து நிமிட நடை என்றேன். பேனாவை மூடி மேஜை மேல் வைத்தார். பையனைக் கூப்பிட்டு, எனக்கு ஒரு டீ சொல்லச் சொன்னார். டீ வந்தது, குடித்தோம். காகிதம் இன்னும் அவர் மேஜையில்தான் இருக்கிறது.